நின்று பதில் சொல்பவர்கள்

மரகதம் அக்காவுக்கு வயது ஐம்பத்து நான்கு. அவருடைய நடைக்கு எழுபத்தொன்று என்றது எங்கள் மெஷின். அப்படியென்றால் இந்த மாதக் கடைசியோடு நின்றுகொள்ளட்டும் என்றது கடை.

அந்த மெஷினைத் தரையில் பதித்துவிட்டு, அது ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ள அங்கேயே உட்கார வைக்கப்பட்டவள் நான். பெயர் தரணி. எழுதும்போதே எரிச்சல் ஏறுகிறது. ஏறட்டும்.

கடை கோயம்புத்தூரில். பொன்னூஞ்சல் ஜவுளி மாளிகை, ஆறு மாடி. மூன்றாவது மாடி முழுக்கப் பட்டு. ஆடித் தள்ளுபடி நேரத்தில் அங்கே மூச்சு விடக்கூட இடம் பிடிக்க வேண்டும். அந்த மாடியில்தான் முதலில் போட்டோம். கம்பளத்துக்கு அடியில் தாள் மாதிரி ஒரு விரிப்பு. யார் எங்கே, எவ்வளவு வேகத்தில் கால் வைக்கிறார்கள் என்பது அதற்குத் தெரியும். ஊழியர்கள் கழுத்தில் தொங்கும் பேட்ஜில் ஒரு குட்டி மைக். எப்போது பேச்சு நடக்கிறது என்பது அதற்குத் தெரியும். இரண்டையும் சேர்த்தால் நடைமானி. பேர் வைத்தது எங்கள் கம்பெனி முதலாளி விஷ்வா சார்.

எனக்கு நடை என்றால் பைத்தியம். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து, போனில் பேசிக்கொண்டே போகிறவர்களின் காலை மட்டும் பார்த்து வயது சொல்வேன். காலேஜ் பையன் காதலியோடு சண்டை போட்டுக்கொண்டே படியேறுவான், நடை பிசகாது. நாற்பது வயதுக்காரர் வீட்டு விஷயம் பேசினால் கொஞ்சம் தளர்வார். எழுபது வயதுக்காரர் 'ஹலோ' என்றதும் நின்றே விடுவார். பார்க்கப் பார்க்கப் புல்லரிக்கும். தலைக்குள்ளே நடப்பதெல்லாம் காலில் தெரிகிறதே! இந்த வேலை கிடைத்த அன்று ஹாஸ்டல் மொட்டை மாடியில் குதித்தேன்.

கடைக்கு எங்கள் மேல் பிரியம் வந்த காரணம் வேறு. இன்சூரன்ஸ். நடை வயது அறுபதைத் தாண்டிய ஆள் யாரும் வேலையில் இல்லை என்று காட்டினால் கடைக்குக் கட்டணம் குறையும். விழுந்து இடுப்பொடிய ஆள் இல்லை என்று அர்த்தமாம்.

என் அறை, துணி மாற்றும் இடத்துக்குப் பின்னால் ஒரு பொந்து. ஒரு மத்தியானம் மரகதம் அக்கா டிபன் பாக்ஸோடு அங்கே வந்தார்.

"ஏன் கண்ணு, உன்ற மெசினு என்னையப் பத்தி என்னதான் சொல்லுது? நானு நிக்கறேன், மறதின்னு மேனேஜர் தம்பி இங்கிலீசுல என்னமோ சொன்னான். முழுசா வெளங்குல."

"நடக்கறது தானா நடக்கும்னு நெனைக்கறோங்க்கா. ஆனா மூளைக்கு அதுவும் ஒரு வேலை. நடந்துட்டே பேசுனா ரெண்டு வேலை. சின்ன வயசுல ரெண்டும் ஒண்ணா ஓடும். வயசாக வயசாக மூளை ஒண்ண விட்டுட்டுத்தான் ஒண்ணப் புடிக்கும். பேசறப்ப காலு தளரும். ரொம்ப முடியாதவங்க நின்னே போயிருவாங்க. அப்படி நிக்கறவங்களுக்குக் கீழ விழற ஆபத்து சாஸ்தி, மறதி வரும், அப்பறம்..."

அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன்.

"சொல்லு. எனக்கு மறதி வந்துருச்சா?"

"மெஷின் அப்படி நெனைக்குதுங்க்கா."

"நெசமாவே நானு நிக்கறனா?"

"பேசறப்ப பொசுக்குன்னு நின்னுடறீங்க. ஒரு நாளைக்கு நெறைய தடவை."

அவர் இடது கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கை முழுக்க நீலப் பேனா எழுத்து. வியர்வையில் பாதி கரைந்திருந்தது.

"மயில் கழுத்து எந்த அடுக்கு, வெங்காயக் கலரு எந்த அடுக்குன்னு எழுதி வெச்சிருக்கறேன். இத்தன வருசத்துல எழுதுனதே இல்ல கண்ணு. என்ற மகன் வண்டிச் சாவிய எடுத்து ஒளிச்சுப் போட்டான். 'நீ நடு ரோட்டுல நின்னீனா லாரிக்காரன் நிப்பானா'ங்கறான். பஸ்ஸுலதான் வர்றேன். எறங்கி ரோட்டத் தாண்டறதுக்குள்ள ஒடம்பே நடுங்குது. போன மாசம் இப்பிடி இல்ல."

அவர் சாப்பிடாமலே எழுந்து போனார். கதவைத் தாண்டும்போது நிலையைப் பிடித்துக்கொண்டார். நிலையைப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லாத மனுஷி.

எனக்கு அன்றைக்கு வேலை ஓடவில்லை. டேப்லெட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குள் போய் அவர் பின்னாலேயே சுற்றினேன்.

ஒரு கல்யாணக் கூட்டம் வந்திருந்தது. பொண்ணு, பொண்ணோட அம்மா, இரண்டு சித்திகள், எல்லோரும் ஒரே நேரத்தில் பேசும் வகை. மரகதம் அக்கா தோளில் ஒரு அடுக்கு சேலை, இடுப்பில் ஒரு அடுக்கு. கூட்டத்துக்குள் புகுந்து புகுந்து நடந்தார். நடந்துகொண்டே ஒரு சித்தியிடம், "இந்தக் கலரக் கட்டிட்டுப் போனீங்கன்னா பொண்ண வுட்டுட்டு உங்களத்தான் பாப்பாங்கோ, பரவாயில்லீங்களா?" என்றார். அதே மூச்சில் குடோன் பக்கம் திரும்பி, "தம்பி, அரக்கு பார்டர் மேல் தட்டுல ரெண்டாவது" என்று கத்தினார். தரையில் உட்கார்ந்திருந்த ஒரு குழந்தையைத் தாண்டிக் கால் வைத்தார். டேப்லெட்டில் அவருடைய கோடு, இஸ்திரி போட்ட மாதிரி நேராக ஓடியது. என் நடைகூட அப்படி இருக்காது. சத்தியமாக.

அப்போது லிஃப்ட் திறந்தது. கடை முதலாளி நாச்சிமுத்து. எல்லோருக்கும் ஐயா.

"மரகதம்."

சுவிட்சைத் தட்டியது போல மரகதம் அக்கா நின்றார். பாதங்கள் ஒட்டிக்கொண்டன. தோளில் இருந்த சேலை நெஞ்சுக்கு இறங்கியது. தலை குனிந்தது.

"ஆரஞ்சுல கட்டம் போட்டது எங்க வெச்சிருக்கற?"

"வடக்குச் செவுத்துல மூணாவது அடுக்குங்கய்யா."

ஐயா நகர்ந்த பிறகுதான் அவர் நகர்ந்தார். டேப்லெட்டில் கோடு கிணற்றுக்குள் விழுந்த மாதிரி விழுந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. எங்கள் ஃபார்முலாவில், பேசும்போது முழுக்க நின்றுவிடுவதற்குத்தான் எல்லாவற்றையும்விட அதிக எடை.

பொந்துக்கு ஓடினேன். பழைய பதிவுகளைத் திறந்தேன், மைக்கில் விழுந்த குரல்களோடு சேர்த்து. அந்த மாடியில் வருஷக்கணக்காக வேலை பார்க்கும் எல்லோருக்கும் அதே கிணறு, அதே சிவப்புப் புள்ளி. வாடிக்கையாளரிடம் பேசும்போது ஒருவர்கூட நிற்கவில்லை. ஐயா பேசினால் நிற்கிறார்கள். ஃப்ளோர் மேனேஜர் பேசினால் நிற்கிறார்கள். மரகதம் அக்காவுக்கு எந்தச் சேலை எங்கே இருக்கிறது என்று தெரியும் என்பதால் எல்லோரும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். கூப்பிடக் கூப்பிட நிற்கிறார். நிற்க நிற்க வயது ஏறுகிறது.

நிற்காத ஒரே ஆள் ரூபிணி. பத்தொன்பது வயது, தர்மபுரிப் பக்கம், கடை ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். அவளைப் பிடித்துக் கேட்டேன்.

"ஐயா கூப்பிட்டா நீ ஏன் நிக்கறதில்ல?"

"எனக்கும் சொன்னாங்கக்கா, சேர்ந்த அன்னிக்கே. ஐயா பேசினா கால் அசையக் கூடாதுன்னு. கஸ்டமரும் கூப்புடுது, ஐயாவும் கூப்புடறாரு, நான் என்ன பண்ணட்டும்? வாய அவருக்குக் குடுத்துட்டு கால இவங்களுக்குக் குடுத்துடறேன்."

பக்கத்தில் சேலை மடித்துக்கொண்டிருந்த மரகதம் அக்கா சிரிக்கவில்லை.

"நானும் சேந்த புதுசுல அப்பிடித்தான் நடந்துட்டே பதில் சொல்லிப் போட்டேன். அப்ப இவுங்க அப்பா, பெரியய்யா. அன்னிக்குப் பூரா கடை வாசல்ல நிக்க வெச்சுட்டாங்கோ, போற வர்ற சனமெல்லாம் பாக்கறாப்ல. எங்க ஊருக்காரங்ககூட ரெண்டு பேரு பாத்துட்டுப் போனாங்க. அதுக்கப்பறம் அந்தக் கொரலு கேட்டா காலு தானா ஒட்டிக்குது கண்ணு. நானா நிக்கறதில்ல."

"அக்கா, உங்க மூளைக்கு ஒண்ணும் ஆகலைங்க்கா."

"அப்பறம்?"

"நிக்கப் பழக்கிவிட்டதே இவங்கதான். இப்ப நிக்கறீங்கன்னு தொரத்தறதும் இவங்கதான்."

அவர் உள்ளங்கையைப் பார்த்தார். சேலைத் தலைப்பில் எச்சில் தொட்டு அந்த எழுத்தைத் தேய்க்க ஆரம்பித்தார். தோல் சிவந்த பிறகும் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த நாள் விஷ்வா சாரை இழுத்துக்கொண்டு ஐயாவின் கேபினுக்குப் போனேன். விஷ்வா சாருக்கு நாற்காலி கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் காட்டினேன். எழுபத்தொன்று என்பது பொய் என்றேன்.

ஐயா பொறுமையாகக் கேட்டார். பிறகு சிரித்தார்.

"அப்ப நான் பேசுனா யாரு நிக்கறாங்க, யாரு நிக்கலைன்னு இதுல தெரியுதுங்களா?"

"தெரியுதுங்க. ஆனா நான் சொல்ல வந்தது அது..."

"எத்தன நேரம் நிக்கறாங்கன்னும் தெரியுமா?"

"தெரியும் சார்," என்றார் விஷ்வா சார். அவர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "கூப்பிட்டதுக்கும் நின்னதுக்கும் எவ்ளோ கேப்னு நொடிக்கணக்குல சொல்லிடலாம். ஆள் வாரியா, மாடி வாரியா."

"நாங்க நேர்ல பாக்கறப்ப எல்லாருமே பணிவாத்தான் இருக்கறாப்ல தெரியுது. உள்ளுக்குள்ள என்னன்னு யாரு கண்டா?"

"கால் பொய் சொல்லாது சார்."

என் வாக்கியம் அது. பஸ் ஸ்டாண்ட் கதையைச் சொல்லி நான் இன்டர்வியூவில் சொன்ன வாக்கியம். அந்த ஆள் அதை எடுத்து இங்கே விற்றுக்கொண்டிருந்தார்.

"சார், நிக்கறத விட்டுடச் சொல்லுங்க," என்றேன் ஐயாவிடம். "நடந்துட்டே பதில் சொல்லலாம்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அதோட முடிஞ்சுது."

ஐயா என்னை அப்போதுதான் முழுசாகப் பார்த்தார். "ஏம்மா, உங்க வீட்டுல பெரியவங்க கூப்பிட்டா நீ திரும்பிக்கூடப் பாக்க மாட்டயா?"

"எங்க வீட்டுல யாரையும் வாசல்ல நிக்க வெச்சதில்லைங்க."

விஷ்வா சார் என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார். படிக்கட்டில் வைத்து, "லூசா நீ? நீதானே கண்டுபிடிச்ச? செம ஃபீச்சர் இது. வயசைவிட இதுக்குத்தான் ஆள் வரும். ஆஸ்பத்திரி, ஃபேக்டரி, காலேஜ், யாருக்குத்தான் வேணாம்?" என்றார். "உன் அக்கா வேலையும் தப்பிச்சிடும். ஐயா குரலுக்கு நிக்கறத வயசுக் கணக்குல இருந்து தூக்கிடலாம். சந்தோஷமா?"

சந்தோஷமாகத்தான் இருந்தது. முதல் இரண்டு நாள். ஐயாவின் குரலையும் மேனேஜரின் குரலையும் பதிவு செய்து மெஷினுக்குப் பழக்கினோம். அந்தக் குரலுக்கு யாராவது நின்றால், அது நடை வயதில் சேராது. அதற்கென்று திரையில் புதிதாக ஒரு வரிசை. விஷ்வா சார் அதற்குப் 'பணிவு' என்று பெயர் வைத்தார். மரகதம் அக்காவின் நடை வயது நாற்பத்தாறுக்கு இறங்கியது. பணிவில் கடையிலேயே அவர்தான் முதல். கடை அவரைப் போகச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொண்டது. மகன் வண்டிச் சாவியைத் திருப்பிக் கொடுத்தான். அக்கா எனக்கு மைசூர்பாகு வாங்கி வந்தார்.

அந்த வாரமே ரூபிணியை அனுப்பிவிட்டார்கள். கடையிலேயே சிறந்த நடை அவளுடையது. பணிவு கடைசி. ஹாஸ்டல் வாசலில் ஒரு பையோடு நின்றாள் என்று சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. எந்த முகத்தோடு போவது?

மரகதம் அக்கா பொந்துக்கு வந்தார். இந்த முறை நிலையைப் பிடிக்கவில்லை.

"அந்தப் புள்ள என்ன தப்புப் பண்ணுச்சு?"

"நிக்கலைங்க்கா."

"நிக்காததுக்கா? நின்னா மூளை இல்லீன்னு அனுப்பறீங்க, நிக்கலீன்னா மரியாத இல்லீன்னு அனுப்பறீங்க. அப்ப எங்களுக்கு எப்பிடி இருந்தாத்தான் சரி?"

"நான் உங்களக் காப்பாத்தத்தான்..."

"காப்பாத்துனே. இல்லீங்கல. உன்னையத் திட்டறதுக்கும் மனசு வரல. ஆனா அந்தப் புள்ளயத் தள்ளிப்போட்டு அந்த எடத்துல என்னைய நிக்க வெச்சுட்டியே கண்ணு. அதோட அம்மா போன் பண்ணி எங்கிட்ட அழுவறா. என்ன சொல்லட்டும்? 'நானு நல்லா நிப்பேன், அதனால எனக்கு வேலை இருக்குது'ன்னு சொல்லட்டுமா?"

அக்கா மைக் தொங்கும் பேட்ஜைத் தூக்கிப் பார்த்தார். "இதுவும் கேட்டுட்டுத்தான இருக்குது? கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை. ஆடிக் கூட்டம். விஷ்வா சார் பொந்துக்குள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வேறொரு ஊர்க் கடைக்கு அனுப்ப, பணிவு எப்படி வேலை செய்கிறது என்று வீடியோ எடுக்க வேண்டுமாம். "உன் அக்காவையே எடுப்போம். டாப்பர் இல்ல?" என்றார். திரையின் ஒரு பாதியில் கேமரா. மறு பாதியில் கோடுகள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ரெக்கார்ட் பட்டனை அழுத்தினேன்.

மரகதம் அக்கா தோளில் அடுக்கோடு கூட்டத்துக்குள் போய்க்கொண்டிருந்தார். ஐயா வந்தார்.

"மரகதம்."

கோடு அசையவில்லை.

"மரகதம்!"

"சொல்லுங்கய்யா," என்றார் அக்கா, திரும்பாமல். கால் போய்க்கொண்டே இருந்தது. பட்டுச் சேலை விரிக்கும் மெத்தையைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடியைத் தாண்டி. சாதாரணமாகச் சொல்லவில்லை. குரல் லேசாக நடுங்கியது, மைக்கில் தெளிவாகக் கேட்டது. முழங்காலை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல ஒரே ஒரு எட்டு தடுமாறியது. அடுத்த எட்டை வைத்துவிட்டார்.

"நில்லு, பேசிட்டிருக்கறேனல்ல!"

"கஸ்டமரு காத்திருக்கறாங்கய்யா. கூட நடந்து வாங்க. பேசிட்டே போலாம்."

ஐயாவின் முகம் கறுத்தது. வெறிபிடித்த மாதிரி அக்காவின் பின்னால் நடக்க ஆரம்பித்தார்.

"யாருகிட்டப் பேசறன்னு..." என்று ஆரம்பித்தார். நின்றார்.

இரண்டு எட்டு வைத்தார். "நாளையில இருந்து நீ..." மறுபடி நின்றார். என்ன சொல்ல வந்தோம் என்று தேடுவது போல நின்றார். மறுபடி நடந்தார். வாய் திறந்தது. கால் நின்றது. இதுவரை அவர் நடந்துகொண்டே பேசி யாரும் பார்த்ததே இல்லை. பேச வேண்டுமென்றால் அவர் நிற்பார், அவருக்காக எல்லோரும் நிற்பார்கள். எல்லாமே நின்ற இடத்தில் யாருக்கு என்ன தெரியும்?

மூன்றாவது தடவை வாய் திறந்தபோது கால் இடறியது. கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். அதற்கு மேல் வரவில்லை.

மரகதம் அக்கா, காத்திருந்த ஒரு கல்யாணக் கூட்டத்திடம் போய்ச் சேர்ந்துவிட்டார். "மாம்பழக் கலரு கேட்டீங்கல்லங்க?" என்று அடுக்கை இறக்கினார்.

திரையில் அவருக்கு நேராகப் பணிவு பூஜ்யம் ஆகியிருந்தது. அது தெரிந்ததுதான். விஷ்வா சார் பார்த்துக்கொண்டிருந்தது அதை இல்லை. அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி முளைத்திருந்தது. பணிவுக்காக நாங்கள் பழக்கிக் கொடுத்த குரலை, பக்கத்தில் இடறிய கால்களோடு மெஷின் தானாகவே சேர்த்து முடிச்சுப் போட்டிருந்தது.

புதிய நபர். நடை வயது எழுபத்தாறு. விழும் ஆபத்து மிக அதிகம்.

ஐயாவுக்கு ஐம்பத்தெட்டு.

"கோபத்துல நின்னிருப்பாரு," என்றார் விஷ்வா சார். அவர் குரல் சுருங்கியிருந்தது. "டென்ஷன். மெஷினுக்கு அது எப்படித் தெரியும்? ஒரு தடவை பாத்துட்டு முடிவு பண்ண முடியாது தரணி. ஒரு மனுஷனப் பத்தி இப்படிப் பொசுக்குனு..."

"ஆமா சார்," என்றேன். "முடியாது."

"அழிச்சுடு. இன்சூரன்ஸ்காரனுக்குப் போறதுக்குள்ள அழிச்சுடு."

வெளியே ஐயா இன்னும் சட்டத்தைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். சுற்றிலும் ஒருவரும் நிற்கவில்லை. யார் முதலில் நகர்ந்தார்கள் என்று தெரியவில்லை, மாடி முழுக்கச் சேலைகள் தோளில் ஏறி நடக்க ஆரம்பித்திருந்தன.

திரையில் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் காலியாகத் துடித்துக்கொண்டிருந்தது. பெயர் என்ன என்று கேட்டது.

டைப் செய்தேன்.